வாய்மொழித் தேர்வில் கேட்கப்படாத கேள்வி: சேலத்துக் கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் கணினி அறிவியலும் கணினிப் பயன்பாட்டியலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மாணவர்கள் இறுதியாண்டில் செய்யும் புராஜெக்ட் பெரும்பாலும் ஏதாவது ஒரு கடையின் இணையதளமாகவே இருக்கும்: கொலுசுக் கடை, பட்டு ஜவுளி, மாம்பழ மண்டி, ஏற்காட்டு விடுதி. படிப்பு முடிந்ததும் அவர்களில் சிலர் என்னைப் போல இந்த ஊர்க் கடைகளுக்கே தளம் எழுதும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டேட்டாபேஸ் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தை அழகாக அமைக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டால் மட்டும் எல்லோரும் விழிக்கிறார்கள். இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ‘பெயர்=மதிப்பு’ என்று வரும் பாராமீட்டர்களில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் உன் நிரல் என்ன செய்யும்?

“அப்படி வராது சார்” என்கிறார்கள். வரும். தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கேள்வியை வாய்மொழித் தேர்வில் நீங்கள் கேட்கத் தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் இந்த மடல்.

ஒரு கொலுசுக் கடையின் தேடல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று மூன்று செக்பாக்ஸ்; மூன்றுக்கும் ‘வகை’ என்றே பெயர். வாங்க வந்தவர் முதல் இரண்டைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் முகவரியின் வாலில் இது சேரும்:

?வகை=கொலுசு&வகை=மெட்டி

(தமிழ் எழுத்துகள் இதே உருவில் பயணம் செய்வதில்லை. எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். சதவீதக் குறிகளோடு எழுதினால் ஒன்பது எழுத்து. ‘கொ’ என்ற ஒன்றில் இரண்டு குறிகள் இருப்பதால் அதற்கே பதினெட்டு. அது வேறு தலைவலி.)

இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஒரே பெயருள்ள செக்பாக்ஸ்கள் சேர்ந்து ‘பலவற்றுள் சில’ என்ற தேர்வைக் குறிக்கும் என்று 1995 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1866 என்ற இணையத் தர ஆவணம், அதாவது ஹெச்டிஎம்எல் 2.0 வரையறையே சொல்லிவிட்டது. இணைய முகவரிகளுக்காக 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியின் இலக்கணத்தை மட்டும் வகுத்தது. பெயர், சமக்குறி, மதிப்பு என்பது பரவலான பழக்கம் என்று குறிப்பிட்டதோடு நின்றுவிட்டது. ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம் என்று விதிக்கவில்லை. இன்றைய பிரவுசர்கள் பின்பற்றும் யூஆர்எல் தரநிலையும் இந்தப் பகுதியைப் பெயர்-மதிப்பு ஜோடிகளின் வரிசையாகவே படிக்கிறது.

வரிசையில் ஒரே பெயர் எத்தனை முறையும் வரலாம். வகுப்பில் நாம் அதை மாணவர் கையில் கொடுக்கும்போது டிக்‌ஷனரியாக மாற்றிக் கொடுக்கிறோம்: ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு. அப்படி மாற்றும் இடத்தில் ஏதோ ஒன்று கைவிடப்படுகிறது. எதைக் கைவிடுவது என்பதை ஒவ்வொரு கருவியும் தன் போக்கில் முடிவு செய்துகொண்டது.

சர்வரில் ஓடும் பிஎச்பி மொழி கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும். அங்கே எல்லாம் வேண்டுமென்றால் படிவத்தில் பெயருக்குப் பின்னால் [] என்று சதுர அடைப்பு போட வேண்டும். சர்வரின் வசதிக்காகப் படிவத்தின் பெயரையே மாற்றச் சொல்லும் இந்த வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஜாவா சர்வ்லெட்டில் (ஜாவாவில் எழுதும் சர்வர் நிரலில்) ‘கெட்பாராமீட்டர்’ என்று கேட்டால் முதல் மதிப்பு வரும். ‘கெட்பாராமீட்டர்வேல்யூஸ்’ என்று கேட்டால் எல்லாம் வரும். கோ மொழியும் ஏறத்தாழ இப்படித்தான். பைத்தானில் வேடிக்கையைப் பாருங்கள்: ஒரே மொழி, தளம் எழுத உதவும் இரண்டு ஃபிரேம்வொர்க்; பிளாஸ்க் முதலாவதைக் கொடுக்கிறது, ஜாங்கோ கடைசியைக் கொடுக்கிறது. எல்லா மதிப்பையும் பெற இரண்டிலும் ‘கெட்லிஸ்ட்’ என்ற வழி இருக்கிறது. நான் பார்த்த ரெக்கார்டு நோட்டுகளில் அது எழுதப்பட்டிருந்ததாக நினைவில்லை. மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி எல்லாவற்றையும் காற்புள்ளியால் ஒட்டி ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராகத் தரும். ‘மேட்டுத்தெரு, சேலம்’ என்று மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், வந்தது ஒன்றா இரண்டா என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் படுத்துவது ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் நோட்-எக்ஸ்பிரஸ் ஜோடி. பெயர் ஒரு முறை வந்தால் சரம். இரண்டு முறை வந்தால் அர்ரே, அதாவது மதிப்புகளின் பட்டியல். மதிப்பின் வகையையே வெளியிலிருந்து வருபவர் தீர்மானிக்கிறார். மாணவர் சரம் என்று நம்பிச் சிறிய எழுத்தாக மாற்றும் ஃபங்ஷனை அழைத்திருப்பார். முகவரியில் யாராவது அதே பெயரை இன்னொரு முறை சேர்த்தால் அந்த வேண்டுகோள் பிழையில் முடியும். இது பரவாயில்லை, பிழையாவது கண்ணுக்குத் தெரிகிறது. நீளத்தைச் சோதிக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சரத்துக்கும் நீளம் உண்டு, அர்ரேவுக்கும் நீளம் உண்டு. ‘இருபது எழுத்துக்கு மேல் கூடாது’ என்ற சோதனையை இரண்டே உறுப்புள்ள அர்ரே, உள்ளே ஆயிரம் எழுத்து இருந்தாலும், எளிதாகத் தாண்டிவிடும்.

ஊர் அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடையின் தளம் பல காலம் பிஎச்பியில் ஓடியது. அதில் ‘அடுத்த பக்கம்’ என்ற இணைப்பைச் செய்தவர், இருக்கும் முகவரியின் வாலில் புதிய பக்க எண்ணை ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். மூன்றாம் பக்கத்துக்குப் போனால் முகவரி ?பக்கம்=1&பக்கம்=2&பக்கம்=3 என்று நீண்டிருக்கும். பிஎச்பி கடைசியைத்தான் எடுக்கும் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தளத்தை பிளாஸ்குக்கு மாற்றிய அன்று எந்த வாடிக்கையாளராலும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. புதிதாக எழுதியவர்தான் திட்டு வாங்கினார். அவர் எழுதியதில் பிழை இல்லை. பிழை பழைய தளத்தில், ‘மாற்று’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சேர்’ என்று எழுதியவரிடம் இருந்தது. பிரவுசர் பக்கம் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் என்ற வசதியில் ‘செட்’, ‘அப்பெண்ட்’ என்று இரண்டு தனித்தனி வழிகள் இருப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது ஏற்காட்டில். ஒரு தங்கும் விடுதிக்காரரின் தளத்தில் ஏரிக்கரை, காப்பித் தோட்டம், லேடீஸ் சீட் பக்கம் என்ற மூன்று தேர்வுகள் இருந்தன. எத்தனை தேர்ந்தெடுத்தாலும் படிவத்தில் கடைசியாக நிற்பதே தேடலுக்குப் போனது. மே மாதக் கோடை விழா நெருக்கத்தில் அவர் கணக்கு எடுத்துப் பார்த்தபோது லேடீஸ் சீட் பக்கம் தேடியவர்கள் மிக அதிகமாகவும், ஏரிக்கரையை விரும்பியவர்கள் மிகக் குறைவாகவும் தெரிந்தார்கள். அதை நம்பி ஏரிக்கரை அறைகளின் வாடகையைக் குறைத்தார். பக்கம் ஒழுங்காகத் திறந்தது, பிழைப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை, வியாபாரம் மட்டும் தவறான கணக்கில் நடந்தது. இப்படிப்பட்ட பிழையை எந்த டெஸ்டிங் பாடமும் தானாகப் பிடிக்காது. கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பாதுகாப்புப் பக்கம் இதைவிடக் கடுமையானது. 2009இல் ஸ்டெஃபானோ டி பாவ்லா, லூக்கா கரெட்டோனி என்ற இருவர், இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் மாநாட்டில் இதைத் தாக்குதல் முறையாகவே விளக்கிக் காட்டினார்கள். முன்னால் நிற்கும் மென்பொருள் முதல் மதிப்பைச் சோதிக்கிறது; பின்னால் இருப்பது கடைசி மதிப்பை எடுத்து வேலை செய்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. சோதிக்கப்பட்டது ஒன்று, நிறைவேறியது இன்னொன்று. 2011இல் கூகுளின் பிளாகரில் வெளிப்பட்ட ஓட்டை இதே வகைதான்: வலைப்பூவின் அடையாள எண்ணை இரண்டு முறை அனுப்பினால் அனுமதி பார்க்கப்பட்டது தன் வலைப்பூவுக்கு, மாற்றம் நடந்தது பிறருடையதில்.

மென்பொருள் பிழைகளைப் பதிவு செய்து வைக்கும் பக்ஸில்லா என்ற மென்பொருளில் 2014இல் நடந்தது எனக்கு இன்னும் சுவையானது. உங்கள் வகுப்புக்கும் பொருந்தும். அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. படிவத்தில் வந்ததைப் படிக்கும் பெர்லின் சிஜிஐ தொகுப்பில் ‘பாராம்’ என்று கேட்டால், கேட்கும் இடத்தைப் பொறுத்து ஒரு மதிப்போ எல்லா மதிப்புகளுமோ வரும். புதிய கணக்கு தொடங்கும் இடத்தில் பயனரின் முழுப்பெயரை ஒரு ஹேஷுக்குள் நேராக இப்படிக் கேட்டிருந்தார்கள். ஹேஷ் என்பது பெயர், மதிப்பு, பெயர், மதிப்பு என்று அடுக்கப்படும் பட்டியல். முழுப்பெயரை மூன்று முறை அனுப்பினால் முதலாவது முழுப்பெயரின் மதிப்பாக நின்றுவிடும். அடுத்த இரண்டும் சிந்தி, புதிய பெயரும் மதிப்புமாக உட்காரும். அந்த வழியில் ஏற்கனவே சரிபார்க்கப்பட்ட மின்னஞ்சலுக்குப் பதிலாக வேறொரு முகவரியைத் திணிக்க முடிந்தது. சில இடங்களில் மின்னஞ்சலின் டொமைனைப் பார்த்தே கூடுதல் உரிமை கொடுக்கப்படும் என்பதால், இல்லாத பதவியில் ஏறி உட்காரவும் முடிந்தது. ஒரு வரி நிரல், பல ஆண்டுகள் பலர் கண்ணில் பட்ட வரி.

‘ஃபிரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும்’ என்று சில ஆசிரியர்கள் சொல்வதாக மாணவர்கள் வழியே கேட்டிருக்கிறேன். எந்த ஃபிரேம்வொர்க் என்பதுதான் சிக்கல் என்று மேலே காட்டிவிட்டேன். இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. இணையத்தில் கணினிகள் தரவு பரிமாறும் டிசிபி முறையின் விவரக்குறிப்பில், இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980இல் எழுதி வைத்த நெறி: அனுப்புவதில் கவனமாக இரு, பெற்றுக்கொள்வதில் தாராளமாக இரு. நெட்வொர்க் பாடத்தில் அதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் பணத்தொகையும் பயனர் எண்ணும் வரும் இடத்தில் அந்தத் தாராளம் எனக்கு உடன்பாடில்லை. தொகை என்ற பெயர் இரண்டு முறை வந்தால் அதில் எது சரி என்று ஊகிக்கும் வேலை சர்வருக்கு வேண்டாம். 400, அதாவது ‘தவறான வேண்டுகோள்’ என்று திருப்பி அனுப்பிவிடலாம். அதே சமயம், நமக்குத் தெரியாத பெயர் வந்தால் கோபப்பட வேண்டியதில்லை; விளம்பர நிறுவனங்களும் சமூக ஊடகங்களும் இணைப்பின் வாலில் தங்கள் குறியீடுகளை ஒட்டி அனுப்புவது வழக்கம், அதைத் தடுத்தால் கடைக்கு வரும் ஆளையே தடுத்ததாகிவிடும்.

ஆகவே நான் மாணவர்களிடம் எதிர்பார்க்கும் பதில் சிறியது. ஒற்றை மதிப்புக்கான பெயர் எது, பல மதிப்புக்கான பெயர் எது என்று அவர் முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். ஒற்றை இரட்டித்தால் மறுக்க வேண்டும். பன்மையை எப்போதும் பட்டியலாகவே படிக்க வேண்டும், ஒன்று வந்தாலும் சரி, ஒன்றும் வராவிட்டாலும் சரி. (ஒரு செக்பாக்ஸும் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தப் பெயரே முகவரியில் இருக்காது. ‘தேர்வு இல்லை’ என்பதையும் ‘கேள்வியே இல்லை’ என்பதையும் வேறுபடுத்த வேண்டிய இடத்தில் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும்.) எந்த முடிவை எடுத்தார் என்பதைவிட, ஒரு முடிவை எடுத்து எழுதி வைத்தாரா என்பதையே நான் பார்ப்பேன்.

பாடத்திட்டத்தைத் திருத்தக் கேட்கவில்லை. அதற்கு ஆகும் காலம் எனக்குத் தெரியும். ஒரு லேப் வகுப்பு போதும். அன்று ஃபிரேம்வொர்க்கை மூடி வைத்துவிட்டு, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வெறும் சரத்தை மாணவர் கையில் கொடுங்கள். & குறியில் பிரிக்கட்டும், முதல் சமக்குறியில் பிரிக்கட்டும், சதவீதக் குறிகளை அதற்குப் பிறகு அவிழ்க்கட்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை மதிப்புக்குள் ஒரு & வைத்து நீங்களே காட்டிவிடலாம். தான் பிரித்ததை எதில் போட்டு வைப்பது என்று அவர் யோசிக்கும்போது, டிக்‌ஷனரியா பட்டியலா என்ற கேள்வி தானாகவே மேசைக்கு வந்துவிடும்.

அந்த வகுப்புக்குத் தேவையான சோதனை முகவரிகளை நானே தொகுத்து வைத்திருக்கிறேன்: இரட்டித்தவை, வெற்று மதிப்பு உள்ளவை, சமக்குறியே இல்லாதவை, தமிழில் உள்ளவை, காற்புள்ளி உள்ளவை. கேட்கும் துறைக்கு இலவசமாக அனுப்புகிறேன். சனிக்கிழமை லேப் என்றால் நேரில் வரவும் தயார். இந்தப் பருவச் செய்முறைத் தேர்வுக்கு முன் அழைத்தால் உங்கள் மாணவர்களுக்கும் உதவும், அடுத்த ஆண்டு அவர்களை வேலைக்கு எடுக்கப்போகும் எனக்கும் உதவும்.

இப்படிக்கு,
சிறு கடைகளின் இணையதளங்களைப் பராமரிக்கும் ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.