பயிர் வைத்தவர் கைக்கு நிவாரணம் வரட்டும்

தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கு,

வணக்கம்.

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அதற்குள்ளாகவே ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் 51 செ.மீ. மழையைக் கொட்டியிருந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்களில் நின்ற பயிர் தண்ணீரோடு போனது. அரசு தாமதிக்காமல் நிவாரணத்தை அறிவித்தது. பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால். நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் 6,900 ரூபாய்கூட வராது. நடவுக்கூலிக்கும் அடியுரத்துக்குமே சரியாகப் போய்விடும். சரி, தொகையைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். அந்தப் பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான் இப்போது என் கவலை.

கணக்கெடுப்பு பட்டாவைப் பிடித்துக்கொண்டு போகிறது. பட்டாதாரர் வெளியூரில் இருப்பார். நகையை அடகு வைத்து நட்டவர், வாய்ப்பேச்சில் குத்தகைக்கோ, விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கோ எடுத்தவர், ஊரில் இருப்பார். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் இவர் பெயர் ஏற வேண்டுமானால் நில உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வதில்லை. கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன், பயம். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயர் ஒரு தடவை ஏறிவிட்டால் நிலத்தை மீட்க முடியாது என்று நினைக்கிறார்கள். "ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கய்யா" என்று கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரருக்கும் தெரியும். அதனால் அவர் வாயைத் திறப்பதே இல்லை. வந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுக்கிற உரிமையாளர்களும் உண்டு, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அரசு கொடுக்கும் நிவாரணம் இன்னொருவருடைய நல்ல மனதை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆந்திரத்தில் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் வந்தது. 11 மாத ஒப்பந்தம். பயிர் மேல் மட்டும் உரிமை, நிலத்தின் மேல் எதுவும் கிடையாது. அங்கும் உரிமையாளர் கையெழுத்துத்தான் முட்டுக்கட்டை. நாம் அதையும் தாண்டலாம். மின்னணுப் பயிர் சர்வேக்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயல்வயலாக அனுப்பினீர்களே, அந்தச் செயலியில் 'சாகுபடி செய்பவர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். பக்கத்து வயல்காரர் இருவர் சொல்வதைச் சாட்சியாக எடுங்கள். அது நிவாரணத்துக்கு மட்டுமே, குத்தகை உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். உரிமையாளர் பயமும் பாதி தெளியும்.

அப்புறம் மாடு. இறந்த கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று விதி இருக்கிறது. ஆனால் உடலைக் காட்டி கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கச் சொல்கிறார்கள். நள்ளிரவில் கயிற்றை அறுத்துவிடக்கூட நேரமில்லாமல் ஆற்றோடு போன மாட்டின் உடலை எங்கே போய்த் தேடுவது? கோமாரி தடுப்பூசியின்போது காதில் போட்ட 12 இலக்க எண் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. பால் சங்கத்தில் அதுவரை ஊற்றிய கணக்கு இருக்கிறது. அவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால், அதை அகற்ற சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றும் பேரிடர் நிவாரண விதியில் இருக்கிறது. எங்கள் பக்கம் ஜேசிபி வாடகைக்குக் கடன் வாங்கியவர்களில் பலருக்கு இது தெரியாது. கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் தொகைகளையும் விண்ணப்பிக்கும் முறையையும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சாகுபடி செய்பவர் பெயரைச் சேர்க்கும் அரசாணை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பருக்குள் வந்துவிட வேண்டும். மழை வந்த பிறகு வந்தால் அந்த ஆண்டு கணக்கெடுப்பும் பட்டாவைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைக் கரை விவசாயி ஒருவர்