பெல்ஃபாஸ்டிலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. நைட் டியூட்டி தொடர்ந்து வந்ததில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. குனிந்து எதையும் தூக்க விடாதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, நீதான் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குக் காலேஜில் இது கடைசி வருடம்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஊருக்கு நடுவில் ஜெயில் மதில் மாதிரி என்னட்டி அது?" என்று கேட்டிருந்தாய். ஜெயில் இல்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் ஃபால்ஸ் சாலை, கத்தோலிக்கர்கள் குடியிருக்கும் இடம். அந்தப் பக்கம் ஷாங்கில், புராட்டஸ்டண்டுகள் இருக்கும் இடம். நம் ஊரில் ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா என்பதைக் கல்யாணம் பேசும்போதுதான் கேட்பார்கள். இங்கே அது பூசையைப் பற்றிய சண்டையே இல்லை. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்; பிரிட்டனோடுதான் இருப்போம் என்பவர்கள் மறு பக்கம், பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அதோடு வீடு, வேலை, ஓட்டு என்று எல்லாமே கலந்த சண்டை. 1969 ஆகஸ்டில் இந்த இரண்டு பகுதிக்கும் நடுவில் வீடுகள் எரிந்தன. பாம்பே தெரு என்று ஒரு தெரு, நம் பம்பாயின் பெயர்தான், பக்கத்தில் காஷ்மீர் சாலையும் இருக்கிறது, அந்தத் தெருவையே கொளுத்திவிட்டார்கள். பிரிட்டிஷ் பட்டாளம் வந்து நடுவில் முள்கம்பி போட்டது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் போட்டார்கள். 1998-ல் சண்டையை நிறுத்தப் புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகி இத்தனை வருடமான பிறகும் மதில் நிற்கிறது, கேட்டை ராத்திரியில் பூட்டுகிறார்கள்.

நான் வந்தது 2004-ல். துப்பாக்கிச் சத்தம் எதையும் என் காதால் கேட்டதில்லை. ஆனால் முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டி பார்க்கிறவளுக்குத் தெரியாதது இந்த ஊரில் எதுவும் இல்லை என்றே சொல்வேன். மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவர்கள் பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசுவார்கள்.

இரண்டு பேரைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். பெயர் எழுதவில்லை, அது முறையாகாது.

ஒருவர் எண்பதைத் தாண்டியவர், புராட்டஸ்டண்டு. பகலில் பால் வண்டி ஓட்டிக்கொண்டு, ராத்திரியில் யு.டி.ஆர். என்கிற, பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படையில் பகுதி நேரச் சிப்பாயாக இருந்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த பட்டாளத்துக்காரன் நாலு மாதம் ரோந்து போய்விட்டுத் திரும்பிவிடுவான். இவரோ ரோந்து முடிந்தால் தன் வீட்டிலேயே தூங்க வேண்டும். தினமும் காலையில் காருக்கு அடியில் குனிந்து, வெடிகுண்டு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாராம். யூனிஃபாரத்தை வெளிக்கொடியில் காயப்போடவே கூடாது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூடாது. அந்தப் படையில் ஏறக்குறைய 200 பேர் படையில் இருந்த காலத்திலேயே கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்களை வீட்டு வாசலிலோ வயலிலோ, யூனிஃபாரம் இல்லாத நேரத்தில் சுட்டதாக அவர் சொல்வார். இல்லத்துக்கு வந்த பிறகும் நாற்காலியை வாசல் பார்த்துத்தான் போட வேண்டும். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது ஒரு தடவை அடியில் குனிந்து பார்ப்பார். மகளின் பெயர் மறந்துபோன பிறகும் அது மட்டும் மறக்கவில்லை, செல்வி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விபூதிப் புதன் அன்று கோவிலுக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பலோடு டியூட்டிக்கு வந்தேன். நமக்கு அது பழகிய விஷயம்தானே. இங்கே அது நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. கூட வேலை பார்த்தவள் ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினாள். எனக்கு விளங்கவில்லை, துடைக்கவும் மனம் வரவில்லை. அதன் பிறகு வருடா வருடம் அப்படியேதான் போகிறேன். இவர் வந்த வருடம் என் நெற்றியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் ராத்திரி அவராகவே கூப்பிட்டு, 1970-களில் சோதனைச் சாவடியில் ஒரு வாலிபனை இந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் காரிலிருந்து இறக்கி, மழையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்ததாகச் சொன்னார். "அவன் என் தம்பி வயசு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவரைப் பாவம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட என்னால் முடியவில்லை. 1975 ஜூலையில் மயாமி ஷோபேண்ட் என்ற இசைக்குழுவின் வேனை, ராணுவச் சோதனை போல நடித்து நடுராத்திரியில் நிறுத்தி மூன்று பேரைக் கொன்றார்கள். கொன்றவர்களில் சிலர் இதே யு.டி.ஆர். ஆட்கள். அதைப் பற்றிக் கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எங்கள் உடுப்பைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

மற்றவள் ஃபால்ஸில் பிறந்த அம்மா. 1969-ல் அவளுக்குப் பதினேழு வயது. பட்டாளம் வந்தபோது தங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று நம்பி, அவள் அம்மா வாசலில் நின்று சிப்பாய்களுக்குச் சாயா கொடுத்தாளாம். மறு வருடமே, 1970 ஜூலையில், ஆயுதம் தேடுகிறோம் என்று அதே பட்டாளம் ஃபால்ஸ் முழுக்க ஊரடங்கு போட்டு வீடு வீடாக உடைத்தது. நாலு பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்துப் பகுதிப் பெண்கள் குழந்தைத் தள்ளுவண்டிகளில் ரொட்டியும் பாலும் நிரப்பிக்கொண்டு, சிப்பாய்களைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்கள். அதைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். அதற்குப் பிறகு ரோந்து வருவது தெரிந்தால் பெண்கள் குப்பைத் தொட்டி மூடியால் தரையில் அடித்துத் தெருவை எழுப்புவார்களாம். இன்றைக்கும் சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் போதும், படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். 1971 கடைசியில் தெருமுனையில் சுட்டார்கள். ஒரு சிப்பாய் இவர்கள் வாசற்படியில் வந்து விழுந்தான். குண்டு பட்டது அவனுக்கில்லை, கூட வந்தவனுக்கு. பத்தொன்பது வயசு இருக்கும், உடம்பு நடுங்கி அழுதுகொண்டே இருந்தான். அவள் அம்மா ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். எதிர்வீட்டுத் திரை அசைந்தது.

1972 டிசம்பரில், நடக்கிற தூரத்தில் டிவிஸ் குடியிருப்பில், ஜீன் மெக்கான்வில் என்ற விதவையை, பத்துப் பிள்ளைகளின் தாயை, அயர்லாந்தோடு சேர ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. குழுவின் ஆட்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று பின்னாளில் போலீஸ் விசாரணை ஆணையர் சொன்னார். காயம்பட்ட சிப்பாய்க்கு அவள் ஆறுதல் சொன்னாள், அதனால்தான் என்று ஊரில் பேச்சு. 2003-ல்தான் அவள் எலும்பு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரையில் கிடைத்தது. அந்தப் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து தன் அம்மா சாகும்வரை ராத்திரியில் சரியாகத் தூங்கவில்லை என்றாள். ஒரு கோப்பைத் தண்ணீருக்காக, செல்வி.

இங்கே யாரும் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. உயிரோடு இருக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் கல்லூரி இரு தரப்பு ஆயுதக்குழுக்களில் இருந்தவர்களின் பேச்சையும் பதிவு செய்து வைத்தது. பிறகு போலீஸ் கோர்ட் மூலம் அந்த டேப்புகளில் சிலவற்றை வாங்கிவிட்டது. மெக்கான்வில் பிள்ளைகளை நினைத்தால் போலீஸ் செய்தது தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பலர் மறுபடி மௌனமாகிவிட்டார்கள்.

2021 மே மாதம் பாலிமர்ஃபி தீர்ப்பு வந்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். 1971 ஆகஸ்டில் இந்த ஊரின் பாலிமர்ஃபி பகுதியில் மூன்று நாளில், பெரும்பாலும் பட்டாளத்தின் குண்டுக்கு, செத்த 10 பேரும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள் என்று, ஐம்பது வருடம் கழித்து ஒரு நீதிபதி வாசித்தார். அவர்களில் ஒருவர் பாதிரியார். ஹாலில் டி.வி. ஓடியது. இந்த அம்மா ஒவ்வொரு பெயரையும் கூடவே சொன்னாள். ஜன்னலோரம் அந்த யு.டி.ஆர். பெரியவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்டாரா இல்லையா, தெரியாது. சிப்பாயும் அழுதான் என்பது உண்மை. அதைச் சொல்லி விசாரணை போதும் என்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. 2023-ல் லண்டன் அப்படித்தான் ஒரு சட்டம் போட்டது. இங்கே இரு பக்கத்துக் கட்சிகளும் எதிர்த்தன.

அவர் போன மாதம் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். ஒரே ஹாலில் நாலு வருடத்துக்கு மேல் இருந்தும் இருவரும் மழையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். குடும்பப் பெயரைக் கேட்டாலே யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுமே. அவளுக்கு அந்த வாலிபன் கதை தெரியாது. அவருக்கு அந்தத் தண்ணீர்க் கதை தெரியாது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஆனால் இரண்டும் என்னிடம் நம்பிச் சொன்னவை, ஒருவருடையதை மற்றவரிடம் கொண்டுபோக எனக்கென்ன உரிமை? பாரம் தாங்காமல்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

அப்புறம், ஒன்று கேட்க வேண்டும். 1982 மார்ச்சில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காடு கலவரத்தின்போது நம் இரண்டு அம்மாக்களும் நம்மைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வந்தார்களே, நமக்குப் பத்து வயது. வழியில் உன் அம்மா முந்தானையால் உன் நெற்றி விபூதியைத் துடைத்தாள். என் அம்மா என் கழுத்து ஜெபமாலையை உருவிப் பைக்குள் போட்டாள். பஸ்ஸை யார் மறிப்பார்கள் என்று இருவருக்கும் தெரியாது. அந்தப் பையை இறங்கும்வரை மடியில் வைத்திருந்தது உன் அம்மா என்றுதான் எனக்கு ஞாபகம். என் அம்மா இல்லை, கேட்க ஆளில்லை. கண் சரியானதும் அம்மாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ஸ்டெல்லா