அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே, நம் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு,

போன சனிக்கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்தது. பங்குப்பேரவைக்கு எழுதியது. ஞாயிறு மதியம் 12:30 ஸ்பானிஷ் பூசையை இரவு 7 மணிக்குத் தள்ளிவிட்டு, அந்த நேரத்தில் இன்னொரு ஆங்கிலப் பூசை வைக்க வேண்டுமாம். கீழே கையெழுத்துப் போட்டவர்களில் ஆறு பேர் நம் ஆட்கள். பெயர் சொல்ல மாட்டேன், ஆறு பேரும் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

2009இல் நான் வந்தபோது ஸ்பானிஷ் பூசை மாதத்துக்கு ஒன்றுதான். அதுவும் மறைக்கல்வி ஹாலில், மடக்கு நாற்காலிகள் போட்டு. இன்று 12:30க்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள் சுவரோரம் நிற்கிறார்கள், பின்னால் இரண்டு வரிசை குழந்தை வண்டிகள், பலிபீடத்துக்குப் பக்கத்தில் கிட்டாரும் அக்கார்டியனும். 9 மணி ஆங்கிலப் பூசையில் ஒரு பெஞ்சில் நீட்டிப் படுக்கலாம். கூட்டமே இல்லாத பூசைக்கு இன்னொன்று சேர்க்க, நிரம்பி வழிவதை ஏன் நகர்த்த வேண்டும்? இரவு 7 என்றால் ஸ்பானிஷ் பேசும் அந்தக் குடும்பங்களால் எப்படி வர முடியும்? பாதிப் பேர் ஹோட்டல் சமையல்கட்டில் நிற்கும் நேரம் அது. மீதிப் பேர் திங்கள் விடியற்காலையில் கூரை வேலைக்குக் கிளம்ப வேண்டும். போன வருட ஆலங்கட்டி மழைக்குப் பிறகு கோயில் கூரையைக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தவர்களும் இவர்கள்தான்.

மனுவில் அவர்களைப் பற்றி ‘புதிதாக வந்தவர்கள்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. அதற்கும் முன்னால், ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஸ்பானிய குரு ஒருவர் திருப்பலி நிறைவேற்றியது 1565 செப்டம்பர் 8ஆம் தேதி. ஆமாம், நம் வேளாங்கண்ணித் திருநாள். அப்படியிருந்தும் இந்த நாட்டில் மெக்சிகோ வம்சாவளியில் ஓர் ஆயர் வர 1970 ஆகிவிட்டது, சான் அன்டோனியோவில் பேட்ரிக் ஃபுளோரெஸ். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் குடியேறிய இத்தாலியர்கள் தாங்களே கல் சுமந்து கட்டிய கோயிலில் அவர்களையே பல வருடம் நிலவறையில் பூசை காண வைத்தார்கள். நம் பங்கின் பழைய குடும்பங்களில் சிலர் இத்தாலிய வம்சாவளி. அவர்கள் பாட்டி இருந்தால் இந்த மனுவைக் கிழித்துப் போட்டிருப்பார்.

‘ஒரே பங்கு, ஒரே மொழி’ என்பது இன்னொரு வாதம். சரி, அப்படியானால் முதல் சனிக்கிழமை நம் தமிழ்ப் பூசை? செப்டம்பரில் கொடியேற்றம், தேர்? வாஷிங்டன் பேராலயத்தில் மெக்சிகோ மக்களின் குவாதலூப்பே அன்னையும் இருக்கிறார், 1997இலிருந்து நம் ஆரோக்கிய அன்னைக்கும் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. 1531இல் மெக்சிகோவின் தெப்பேயாக் குன்றில் அந்தக் குவாதலூப்பே மாதா, ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதரிடம் பேசியது ஸ்பானிஷில்கூட இல்லை, அவருடைய தாய்மொழியான நாவாட்டிலில் என்பது அவர்கள் சொல்லும் மரபு.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வண்டி நிறுத்த இடம் பெரிய தலைவலி. கின்சியான்யேரா நாட்களில் லிமோசின் வந்து வழியை அடைத்துவிடும். (பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ராணி மாதிரி உடுத்தி, பூசை, விருந்து. நம் மஞ்சள் நீராட்டு விழா வீடியோக்களைப் பார்த்தவர்கள் அந்தச் செலவைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.) ஆனால் மொத்தப் பங்கில் பாதிக்கு மேல் இருப்பவர்களுக்குப் பேரவையில் ஒரே ஓர் இடம்தான். குறையைச் சொல்லவும் கேட்கவும் அங்கே ஆள் இல்லை என்றால் அது மனுவாகத்தான் முளைக்கும். நாம் எழுத வேண்டியது இன்னும் இரண்டு இடம் அவர்களுக்குக் கொடுங்கள் என்று. ஸ்பானிஷ் தெரிந்த உதவிப் பங்குத்தந்தை ஒருவரை ஆயரிடம் கேளுங்கள் என்று. நான் அப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வந்து பாருங்கள். இந்த ஞாயிறு நானும் என் மனைவியும் 12:30க்குப் போகிறோம், வண்டியில் மூன்று இடம் இருக்கிறது. பதினொன்றரைக்கே கிளம்பிவிடுவோம். பூசை முடிந்ததும் வாசலில் தமாலே (மக்காச்சோள மாவில் அவித்த பலகாரம்) விற்பார்கள், சில்லறை கொண்டு வாருங்கள்.

உங்கள் பங்குக்காரன் ஒருவன்