வெறுங்கால் கதையை இன்னும் எத்தனை முறை அச்சிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இந்தியக் கால்பந்து அணியின் வரலாறு பற்றிய கட்டுரையை ஆசையோடு பிரித்தேன். இரண்டாவது பத்தியிலேயே அந்தப் பழைய கதை வந்து நின்றது. வெறுங்காலோடு ஆட உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடை போட்டதால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லையாம். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

நம் ஆட்களில் பலர் வெறுங்காலோடு ஆடியது உண்மைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அப்படித்தான் ஆடி, பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றோம். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்ட ஆட்டம் அது. நமக்கு அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல். இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் பெயருக்கு ஓர் ஓரம்கூடக் கிடைக்கவில்லை.

சரி, 1950க்கு வருவோம். தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டதால், ஒரு பந்தைக்கூட உதைக்காமல் நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் விழுந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கக்கூட போட்டியை நடத்திய பிரேசில்காரர்கள் முன்வந்தார்கள். அப்புறமும் போகவில்லை. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நாள் போதவில்லை என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் காரணம் சொன்னது. உண்மையில் அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிசு. உலகக் கோப்பையை அவர்கள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பூட்ஸ் ஒரு காரணமே அல்ல என்று அன்றைய அணித் தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், அந்தக் குளிரிலும் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். யுகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கியது. 1950இல் தடை இருந்தால் 1952இல் யார் விட்டார்கள்? அந்த அடி வாங்கிய பிறகுதான் நம் சம்மேளனமே பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

கட்டுரையில் நான் தேடியது ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீமை. பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளர் ஆனவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணியை, அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்க வைத்தார். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி எதிர்த்ததால், அரங்கம் முழுக்க நம் மேல் கோபத்தில் கூச்சலிட்டது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பந்தைத் தலையால் தடுக்க முடியாத அவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அவர் இறுதிப் போட்டியில் கோல் அடித்தார்! இன்னொரு கோல் பி.கே. பானர்ஜியுடையது. புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்த அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டே காலமானார்.

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் எங்கள் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. பிறந்த ஊர் இதில்லை. ஆனால் எங்கள் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்து அணியில் ஆடி வளர்ந்தவர். அந்த அணி 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்றது. முதலில் அவர் முன்வரிசை ஆட்டக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. என் அப்பா அவரைப் பார்த்திருக்கிறார். 'கையா அது, முறம்' என்பார்.

1970 பாங்காக் ஆசிய விளையாட்டு வெண்கலத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ள அதிகமில்லை. 2008இல் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்று ஆசிய அளவிலான சேலஞ்ச் கோப்பை வாங்கியதில் சுனில் சேத்ரியின் ஹாட்ரிக் கண்ணில் நிற்கிறது. 2024இல் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட இல்லை. ஓய்வு பெற்ற சேத்ரியை நாற்பது வயதில் திரும்ப அழைத்தும், 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை. 2022இல் சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபா நம்மைச் சில நாள் தடையும் செய்தது.

வெறுங்கால் கதை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். பழியைத் தூக்கி ஏழை ஆட்டக்காரன் காலில் போட்டுவிடுகிறது. போக வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா வெண்கலம் வென்றதாகக் கட்டுரையின் பட்டியலில் இருக்கிறது. நெவில் டிசூசாவின் ஹாட்ரிக்கோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதி வரை போனோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நான்காம் இடம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குன்னூர்.