ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும், எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள கடலூர் மக்களுக்கு வணக்கம்.

எங்கள் கல்லூரியில் நடந்த ஆசிரியர் பயிற்சி நேற்று மாலை நல்லபடியாக முடிந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் வந்துபோனதும், அதன் பிறகு தென்பெண்ணை ஆறு என்ன செய்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் எங்களைவிடப் பல மடங்கு இழந்தவர்கள். 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று பார்த்த ஊர் இது. அதனால் நடந்ததை மறுபடி எழுதப்போவதில்லை. எங்கள் கணினி ஆய்வகம் தரைத்தளத்தில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன், போதும்.

வகுப்பறையில் தொழில்நுட்பத்தை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் பயிற்சி. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வருவதாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கௌரவ விரிவுரையாளர்கள். தள்ளிவைத்துவிடுங்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஆனால் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படும் நிரந்தர ஆசிரியர்களுக்கு ஏதாவது ஒரு புத்தாக்கப் பயிற்சி எப்படியும் அமைந்துவிடும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வாய்ப்பு நழுவினால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களில் சிலர் தங்கள் வீட்டில் சேறு வாரிக்கொண்டே "மேடம், ட்ரெயினிங் இருக்குல்ல?" என்று போன் செய்து கேட்டார்கள். அப்புறம் எப்படித் தள்ளிவைப்பது?

புதுச்சேரியிலிருந்து வரவேண்டிய பயிற்றுநரிடம் ஆய்வகம் போன கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர் இல்லாமலே நடத்தலாங்க, ஒரே ஒரு போன் இருந்தா போதும்" என்றார். அவர் சொன்னது பிளிக்கர்ஸ் என்ற செயலியை. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம். ஒருவர் அட்டையைப் போல இன்னொருவர் அட்டை இருக்காது. நான்கு ஓரத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எது சரியான விடை என்று மாணவர் நினைக்கிறாரோ, அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால், யார் என்ன விடை சொன்னார் என்று திரையில் வந்துவிடும். மாணவர் கையில் போன் வேண்டாம், கணினி வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் அட்டையைப் பார்த்தும் காப்பியடிக்க முடியாது. அட்டைப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்சடித்தால் போதும்.

ஆனால் அந்த வாரம் இந்த ஊரில் எதை அச்சடிப்பதும் சுலபமாக இல்லை. கல்லூரியில் மின்சாரம் அரைகுறை. இருந்த பிரிண்டர் ஆய்வகத்தோடு போயிற்று. மஞ்சக்குப்பம் பக்கம் திறந்திருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். உரிமையாளர் பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். அவர் கடைக்குள்ளும் தண்ணீர் வந்து போயிருந்தது. ஒரு மெஷின் செத்துவிட்டது. மேஜை மேல் ஏற்றிவைத்துத் தப்பித்த இன்னொன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா என்று நனைந்த காகிதங்களைத் துணியில் சுற்றி எடுத்து வந்து நகல் எடுக்க நின்றவர்கள். அவர்களுக்கு நடுவில் "கிளாஸுக்கு அட்டை அடிக்கணும்" என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. "இவங்களை முடிச்சிட்டு ராத்திரி போட்டுத் தர்றேன், ஆனா இது எதுக்குன்னு சொல்லுங்க" என்றார். வேலைக்கு நடுவிலேயே கேட்டதால் நானும் சுருக்கமாகச் சொன்னேன். மாதிரிக்கு ஒரு தாளில் அச்சடித்து, என் போனை அதன்மேல் காட்டினேன். விடை திரையில் வந்ததைக் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கடைசி பெஞ்ச்ல இருக்கிறவன் கையில இருக்கிறதையும் இது படிக்குமா மேடம்?"

படிக்கும் என்றேன்.

"நாங்க படிக்கிறப்போ கை தூக்கினவனைத்தான் சார் பார்ப்பாரு" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அடுத்தவரின் ரேஷன் கார்டை வாங்கிக் கண்ணாடியில் வைத்தார்.

மறுநாள் காலை போனபோது அட்டைகள் தயாராக இருந்தன. எல்லாவற்றையும் லேமினேட் செய்து தாருங்கள் என்று நான் சொல்லியிருந்தேன், நெடுநாள் உழைக்குமே என்று. அவர் செய்யவில்லை. ஒன்றை மட்டும் லேமினேட் செய்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துக் காட்டினார். "பாருங்க, பளபளன்னு வெளிச்சம் அடிக்குது. உங்க போனு இதைப் படிக்காது." என் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. அட்டையை லேசாகச் சாய்த்தால் படிக்கிறது, நிமிர்த்தினால் கண் கூசி விட்டுவிடுகிறது. பளபளப்பான உறை போடாதீர்கள் என்பது இந்த அட்டையைப் பயன்படுத்துவோர் வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை என்று பயிற்றுநர் பிறகு சொன்னார். அண்ணனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. லேமினேஷனில்தான் அவருக்குக் காசு. இத்தனை நஷ்டத்துக்கு நடுவில் அந்தக் காசை வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

லேமினேஷனுக்குப் பதில், கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த கனமான அட்டையை எடுத்திருந்தார். மேல் பரணில் இருந்ததால் நனையாமல் தப்பித்த சரக்கு. கார்த்திகை முகூர்த்தத்துக்கு வாங்கி வைத்தது. அந்தக் கனத்துக்கு மெஷின் தானாக இழுக்காது என்பதால், பக்கவாட்டு ட்ரேயில் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி அச்சடித்திருக்கிறார்.

இன்னும் ஒன்று செய்திருந்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. அட்டையின் முன்பக்கம் ஆசிரியரைப் பார்த்து இருக்கும். பிடித்திருக்கிற பிள்ளைக்குப் பின்பக்கம்தான் தெரியும். அதில் ஒன்றும் இருக்காது. எந்த எழுத்து மேலே இருக்கிறது என்று பார்க்க அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அண்ணன் ஒவ்வோர் அட்டையையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்பக்கத்தில் ஏ இருக்கும் ஓரத்துக்கு நேர் பின்னால் அ, பி இருக்கும் ஓரத்துக்குப் பின்னால் ஆ என்று நான்கு ஓரத்திலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார். நடுவில் அட்டையின் எண். தமிழ்வழிப் பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா, அதனால் தமிழ் எழுத்து என்றார். வலம் இடம் மாறாமல் அத்தனை அட்டைக்கும் சரியாக எழுதியிருந்தார். நான் கேட்கவில்லை. பயிற்றுநரும் யோசிக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பக்கம் நின்று அந்த அட்டையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

காசு? "ஊரே இப்படிக் கெடக்குது, போங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சியில் அந்த அட்டைகள் என்ன செய்தன என்று அவருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். முதலில் ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்தோம். கடலூர் துறைமுகத்தில் 11ஆம் எண் கூண்டு ஏற்றினால் என்ன பொருள் என்று பயிற்றுநர் கேட்டார். ஆகப் பெரிய புயல் என்றுதான் பெரும்பாலான அட்டைகள் சொல்லின. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே சரியான விடை. தெரிந்தவர் சொன்னார், தெரியாதவர் தெரிந்துகொண்டார், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. தகவலைக் கேட்கும் கேள்விக்கு இந்த அட்டை வீண் என்று காட்டத்தான் அந்தக் கேள்வி.

அடுத்த கேள்வி வேறு மாதிரி. குளத்தில் ஒரு படகு, படகில் ஒரு பெரிய கல். கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? அட்டைகள் மூன்று பக்கமும் பிரிந்தன. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டு மறுபடி அட்டையைத் தூக்குங்கள் என்றார். அறையே சந்தைபோல் ஆனது. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த வணிகவியல் விரிவுரையாளர் ஒருவர், படகில் இருக்கும்போது கல் தன் எடைக்கு ஈடான தண்ணீரை ஒதுக்குகிறது, மூழ்கிய பிறகு தன் பருமன் அளவுக்கு மட்டும்தான் ஒதுக்கும், அதனால் மட்டம் இறங்கும் என்று தன் வரிசைக்கே விளக்கிவிட்டார். இயற்பியல் ஆசிரியை நான் வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை அட்டைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து பரப்பிய முறை இது. ஒரு கேள்வி, தனியாக ஒரு விடை, பக்கத்தவரோடு விவாதம், மறுபடி விடை. பின்னாளில் இதற்கென்றே, மாணவர் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கையடக்கமான கிளிக்கர் கருவிகள் வந்தன. கருவிக்கும் சாதாரண அட்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. மாணவர்கள் கற்றுக்கொண்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே அதன் முடிவு. ஆய்வகத்தை இழந்து நின்ற எங்களுக்கு அதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசி நாளில் மாதிரி வகுப்பு. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய தமிழ்த்துறைப் பேராசிரியை ஒருவர் எடுத்தார். "எனக்கு எதுக்கும்மா இது" என்று முதல்நாள் ஒதுங்கி நின்றவர். கழியும் நெய்தல் பூவும் வரும் ஒரு சங்கப் பாடலைப் படித்தார். தலைவி புலம்பவில்லை, ஆற்றிக்கொண்டு காத்திருக்கிறாள். இது நெய்தலா, முல்லையா? அட்டைகள் பாதிக்குப் பாதி பிரிந்தன. கழி, பூ என்ற கருப்பொருளைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், தலைவியின் உணர்வான உரிப்பொருளைப் பார்த்தவர்கள் மறுபக்கம். போனைப் பார்த்தவர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். அங்கே முல்லை என்று பிடித்திருந்த ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஏன்டா அப்படி நினைச்ச?" என்று கேட்டார். இருத்தல்தானே முல்லை என்று மெல்லிய குரலில் தொடங்கிய அந்தப் பெண் நிறுத்தாமல் பேசினாள். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலந்து வரும் திணைமயக்கத்தைப் பற்றி அதைவிட நல்ல வகுப்பை நான் கேட்டதில்லை. அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கடைசி பெஞ்சில் இருக்கிறவள் கையில் இருந்ததையும் போன் படித்தது.

ஆசிரியர் பயிற்சி என்றால் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று காட்டிவிட்டு அனுப்புவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கருவியைத் தெரிவது மட்டும் போதாது, பாடத்தைத் தெரிவதும் அதை நடத்தத் தெரிவதும் அதோடு பின்னியிருக்க வேண்டும் என்று கல்வி ஆய்வாளர்கள் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006லேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பின்னலை நான் கண்ணால் பார்த்தது இந்த வாரம்தான். ஸ்மார்ட் போர்டு வந்தால் சந்தோஷம், வாங்கிக்கொள்வோம். ஆனால் அதன் முன்னால் நின்று என்ன கேட்பது என்று தெரியாதவருக்கு அது வெறும் விலையுயர்ந்த சுவர்தான்.

இன்னும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. தண்ணீர் ஏறுவதற்குள் முடிந்தவரை சிபியூக்களை மாடிக்குத் தூக்கிய ஆய்வக உதவியாளருக்கும் காவலாளி ஐயாவுக்கும், கூடத்தில் சேறு கழுவித் தந்த நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும், கேஸ் கிடைக்காதபோது விறகு அடுப்பில் எலுமிச்சை சோறு கிளறிய கேன்டீன் அக்காவுக்கும், பேருந்து ஓடுமா என்று தெரியாமலே புதுச்சேரியிலிருந்து கிளம்பி வந்த பயிற்றுநருக்கும், தன் போனின் ஹாட்ஸ்பாட்டை எல்லாருக்கும் திறந்துவிட்ட கணிதத் துறை நண்பருக்கும், பழைய எழுத்துருவில் இருந்த குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தந்த பிள்ளைகளுக்கும், "நடத்துங்க, நான் பாத்துக்கறேன்" என்ற முதல்வருக்கும் எங்கள் எல்லார் சார்பிலும் கைகூப்பு.

இதையெல்லாம் நன்றி என்ற ஒரு சொல்லோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இனி எங்கள் கல்லூரியில் நடக்கும் எந்தப் பயிற்சியிலும் முதல் இருக்கைகள் கௌரவ விரிவுரையாளர்களுக்கு. உண்மையான மாணவர்கள் உட்காராமல் எந்தப் பயிற்சியும் முடியாது. ஆய்வகம் மறுபடி எழும்போது மாடியில்தான் எழும். இதை முதல்வரிடம் எழுத்தாகவே கொடுத்துவிட்டேன்.

அண்ணே, உங்களுக்கு ஒன்று. அடுத்த பருவத்துக்கு வரலாற்றுத் துறையும் வணிகவியல் துறையும் ஆளுக்கொரு செட் கேட்கின்றன. அட்டை, மை, பின்பக்க எழுத்துக்கான கூலி எல்லாம் சேர்த்து முழு விலைக்குப் பில் போட வேண்டும். போன முறை நீங்கள் வாங்க மறுத்ததையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பில் இல்லாமல் இந்த முறை நான் கடையை விட்டு நகர மாட்டேன்.

அன்புடன்,
பயிற்சி ஒருங்கிணைப்பாளர்
இயற்பியல் துறை