பிரசவத்துக்கு முன்பே எழுதிவைக்க வேண்டிய ஒரு தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரிய குறை இருப்பது ஸ்கேனில் தெரிந்தால் எத்தனை வாரம் வரை கலைக்கலாம் என்பதைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. கோர்ட்டுக்குப் போன வழக்கென்றால் முதல் பக்கத்துக்கே வந்துவிடுகிறது. கலைக்காமல் பெற்றுக்கொள்கிற பெண்களைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் லேபர் வார்டிலேயே நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பெண்களுக்காகவும், அவர்கள் கொஞ்ச நேரமே கையில் வைத்திருக்கும் குழந்தைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

சட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். கருவுக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால், 24 வாரம் தாண்டினாலும் கலைக்க வழி இருக்கிறது. வேண்டுமென்பவர்களுக்கு அந்த வழி திறந்தே இருக்கட்டும். ஆனால் எல்லோரும் அந்த வழியில் போவதில்லை. காசிமேடு, ராயபுரம், மண்ணடிப் பக்கம் மதநம்பிக்கையால் வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஊரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு ஏழாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேன் எடுக்க வருபவர்கள் உண்டு. காரணம் எதுவும் சொல்லாமல் "என்னால முடியாது சிஸ்டர்" என்று மட்டும் சொன்னவர்களும் உண்டு. ஏன் என்று அவர்களைக் குடைவது நம் வேலை இல்லை.

எந்த மாதிரிக் குழந்தைகள் என்றும் சொல்லிவிடுகிறேன். மண்டை ஓடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத குழந்தை. இரண்டு சிறுநீரகமும் இல்லாததால் நுரையீரல் வளராமல் போன குழந்தை. பதினெட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் குழந்தை; விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கை இறுக மூடியபடி பிறக்கும். முதல் இரண்டு வகையில் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாட்கள். எட்வர்ட்ஸில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் போய்விடும். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவும் செய்கின்றன. 'எப்படியும் பிழைக்காது' என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி நடப்பதைச் சொல்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிகிறது. பெரிய டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். கேஸ் ஷீட்டில் 'நிலைமை விளக்கப்பட்டது' என்று ஒரு வரி, கீழே புருஷன் கையெழுத்து. அவ்வளவுதான். பிறகு நான்கு மாதம் அவள் எல்லோரையும் போல வரிசையில் நின்று பி.பி. பார்த்துக்கொண்டு, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறாள். வலி எடுப்பது ராத்திரி இரண்டு மணிக்கு. டியூட்டியில் இருப்பது அவளை முன்னே பின்னே பார்த்திராத மேற்படிப்பு மாணவர். குழந்தை வெளியே வந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் முனகுகிறது.

அந்த நிமிடத்தில் என்ன செய்வது? ஒரு ராத்திரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். தொண்டையில் குழாய், தொப்புளில் ஊசி. அம்மாவுக்கு இங்கே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா மாடிப்படியில் நின்று எதற்கென்று தெரியாமல் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். விடிகிற நேரத்தில் குழந்தை போய்விட்டது. அம்மா அதைப் பார்த்தது துணியில் சுற்றிக் கொண்டுவந்த பிறகுதான். இன்னொரு சமயம் இதற்கு நேர் எதிர். 'எப்படியும் போகப்போகிறது' என்று குழந்தையை வார்மரில் (சூடு கொடுக்கும் மேசை) ஒரு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பிரசவத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது ஒன்றரை மணி நேரம் மூச்சு விட்டது. யாரும் தூக்கவில்லை. இரண்டு ராத்திரியிலும் வேலை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தத் தாய் என்ன விரும்புகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அந்தச் சீட்டைத்தான் கேட்கிறேன். குறை உறுதியான பிறகு பிரசவ டாக்டரும் குழந்தைகள் டாக்டரும் சேர்ந்து பெற்றோரை உட்காரவைத்துப் பேசி, ஒரே ஒரு பக்கம், புரிகிற தமிழில் எழுதி, தாய்-சேய் நல அட்டையில் ஒன்றும் கேஸ் ஷீட்டில் ஒன்றும் ஒட்டிவைக்க வேண்டும். மூச்சுக்காகக் குழந்தையின் தொண்டையில் குழாய் போடுவதா, வேண்டாமா. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்பதற்காக அம்மாவுக்கு சிசேரியன் செய்வதா (அடுத்த பிரசவத்துக்கும் அவள் வயிறு வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை). பிறந்தவுடன் யார் கையில் கொடுப்பது. அம்மா பார்க்க விரும்புகிறாளா. காதில் பாங்கு சொல்ல வேண்டுமா, ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா, பெயர் வைத்திருக்கிறார்களா. உறிஞ்ச முடியாத குழந்தைக்கு உதட்டில் பால் தொட்டுவைப்பதா. மூச்சுத் திணறினால், வலித்தால் என்ன மருந்து, எவ்வளவு, எழுதிக் கையெழுத்துப் போட்டது யார். ஸ்கேனில் சொன்னதைவிட நன்றாக இருந்தால் உடனே யாரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கடைசி விஷயம் இல்லாத தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஸ்கேனும் தப்பும்.

பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். வலி எடுத்த பிறகு "எல்லாம் செஞ்சு பாருங்க" என்று ஒரு அம்மா சொன்னால் செய்துதான் பார்க்க வேண்டும்.

இது என் மூளையில் உதித்தது இல்லை. பிரிட்டனில் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-லேயே வழிமுறை வகுத்துவிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2019-இல் இதற்கென்றே ஒரு பரிந்துரை வெளியிட்டது. நம் ஊரிலும் ஒருமுறை நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். காசிமேட்டுப் பெண், புருஷன் விசைப்படகில் போகிறவர். எங்கள் சீஃப் டாக்டர் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் தானாகவே கேஸ் ஷீட்டில் முக்கால் பக்கம் எழுதி, மேலே சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் இன்சார்ஜ் சிஸ்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நாள் நெருங்கியதும் புருஷன் கடலுக்குப் போகாமல் கரையிலேயே இருந்தார். எங்கோ நடுக்கடலில் இருக்கும்போது போன் வருவதும் வராததும் அதிர்ஷ்டம்தானே.

பெண் குழந்தை. ராத்திரி பிறந்து மறுநாள் மதியம் வரை இருந்தது. ஓரமாக ஒரு கட்டிலுக்குத் திரை கட்டிக்கொடுத்தோம். அம்மாவின் நெஞ்சின்மேலேயே குழந்தையைப் போட்டுப் போர்த்தினோம். வெறும் சூட்டுக்கே அதன் முனகல் அடங்கியது. தலைக்குக் குல்லாய் போட்டதால் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. மாமியார்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பாத்தா மறக்க முடியாது, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அப்படிச் சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் அப்படித்தான் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் காலையில் அவரேதான் காப்பியை வைத்துவிட்டு, "கொஞ்சம் இப்படிக் குடு, நீ படு" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அத்தைக்காரி போனில் படம் எடுத்தாள். பேரும் வைத்தார்கள். பார்த்த தாய்கள் எல்லோரும் ஆறுதலாகப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வேண்டாம் என்பவளை வற்புறுத்தவும் கூடாது. இந்தக் காசிமேட்டுப் பெண்ணிடம் கேட்டிருந்தோம், அவள் சொல்லியிருந்தாள், அதைச் செய்தோம்.

வலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, சரியான வலிமருந்து இல்லாமல் ஆபரேஷனே செய்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பொய் என்று காட்டியதில் முக்கியமானவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்த நம் நாட்டு டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த்; 1987-இல் அவர் ஆய்வு வெளியானது. இத்தனை வருடம் கழித்தும் கடும் வலிக்கான மார்ஃபின் என்றால் வார்டில் பயம்தான். போதைமருந்துச் சட்டத்தை 2014-இல் திருத்தி, மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். பீரோவில் மருந்து இருந்தும் எழுதித்தர ஆள் இல்லாமல் குழந்தை திணறுவதில் அர்த்தமில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் குழந்தைகள் இருக்கின்றன. அங்கேதான் நம் மாநிலத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை (தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை) நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். புற்றுநோய்க்காரர்களுக்கும் பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கும் வருகிற அதே நர்ஸ், கொருக்குப்பேட்டையில் பத்துக்குப் பத்து அறையில் மூக்குக்குழாயில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் அம்மாவையும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் செய்யும்போதே அவர் நம்பரைக் கொடுத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் குழந்தைக்கு மூச்சு முட்டும்போது அவர்கள் 108-க்குத்தான் அடிப்பார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அதே தொண்டைக் குழாயில் குழந்தை போய் முடியும்.

குழந்தை போன பிறகு நடப்பதையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதலாம். மூன்றாம் நாள் பால் கட்டும். குழந்தை இல்லாத வீட்டில் மார்பு கல்லாகி, காய்ச்சல் அடித்து, என்னவென்று தெரியாமல் திரும்பி வருகிறார்கள். பால் வற்ற மாத்திரை இருப்பதை முன்பே சொல்வதற்கு இரண்டு நிமிடம் ஆகாது. அடுத்து சர்டிபிகேட். ஒரு மூச்சு விட்டிருந்தாலும் அது உயிரோடு பிறந்த குழந்தை; பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். 'எதற்கு அலைச்சல், இறந்தே பிறந்தது என்று போட்டுவிடலாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேர் வைத்த குழந்தைக்கு அதைச் செய்யக் கூடாது. லீவு விஷயம் இன்னொன்று. பிறந்தவுடன் குழந்தை இறந்தாலோ, இறந்தே பிறந்தாலோ மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் உத்தரவு போட்டார்கள். மீன் கூடை தூக்குபவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் யார் உத்தரவு போடுவது?

உடலை ஒப்படைப்பது பற்றி எழுதக் கை கூசுகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது வடசென்னைத் தகப்பன் ஒருவரிடம் குழந்தையின் உடலை அட்டைப்பெட்டியில் கொடுத்த செய்தியை எல்லோரும் படித்தோம். பிணவறை ஊழியர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கடைசிப் படியில் நிற்பவனைத் தண்டிப்பது சுலபம். ஒரு வெள்ளைத்துணி, ஒப்படைக்க ஒரு நர்ஸ், மூலக்கொத்தளமோ காசிமேடோ எங்கே புதைப்பது என்று சொல்ல ஒரு ஆள், இவை அவன் பொறுப்பு இல்லை.

எனக்கு இருக்கும் ஒரே பயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. 'சிகிச்சை வேண்டாம்' என்று எழுதிய தாள் இங்கே தவறான கைக்குப் போகலாம். டவுன் சிண்ட்ரோம், உதட்டுப் பிளவு, சரிசெய்யக்கூடிய இதய ஓட்டை, இவற்றுக்கெல்லாம் இந்தத் தாள் கிடையாது என்று அதிலேயே அச்சடிக்க வேண்டும். குறைந்தது இரண்டு மூத்த நிபுணர்களின் கையெழுத்து இல்லாமல் செல்லக் கூடாது. தாயைத் தனியாக, மாமியாரும் புருஷனும் இல்லாமல், ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

எழும்பூரில் 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இங்கே ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, அது சேர்ந்திருக்கும் பெரிய மருத்துவமனையாக ஸ்டான்லி. இரண்டு துறை டாக்டர்களும் பார்த்துப் பேசிக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்த இடங்களில் தொடங்கிவிடலாம். தாளின் மாதிரியைத் தயாரிக்கும்போது பேராசிரியர்களோடு ராத்திரி டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு பேரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். இரண்டு மணிக்கு அதைப் பிரித்துப் படிக்கப்போவது அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை நர்ஸ்,
புதுவண்ணாரப்பேட்டை, சென்னை