எங்களுக்கும் ஒரு ஓ.டி. வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது எல்லோரும் ஓ.எம்.ஆர். என்று சொல்லும் சாலையில், பதினாறு வருடமாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். சென்னையில் எந்தத் தொழில்நுட்ப மாநாடு நடந்தாலும் மறுநாள் உங்கள் பத்திரிகையில் செய்தி வரும், தவறாமல் படிப்பேன். இத்தனை கோடி முதலீடு, இத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம், குத்துவிளக்கு ஏற்றும் படம். தப்பில்லை, போடுங்கள். ஆனால் அந்தக் கூடத்தில் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் எப்படி அங்கே வந்து சேர்ந்தான், லீவு போட்டு வந்தானா, ஆபீசில் சொல்லாமல் வந்தானா என்று ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. சரி, நாமே எழுதி, அப்படிப் போகிற நாளை வேலை நாளாகக் கணக்கு வைக்கச் சொல்லிக் கேட்டும்விடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும்.

2019 அக்டோபரில் பைகான் இந்தியா சென்னைக்கு வந்தது. பைத்தான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடும் மாநாடு அது. 2009-ல் பெங்களூரில் தொடங்கி, புணே, டெல்லி, ஹைதராபாத் எல்லாம் போய்விட்டு அந்த வருடம் நம்ம நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. நடத்துகிறவர்கள் முழுக்கத் தன்னார்வலர்கள், அவர்களும் எங்களைப் போல எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டு ராத்திரியில் உட்கார்ந்து பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். டிக்கெட்டை என் கைக்காசில்தான் எடுத்தேன். கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன், "பட்ஜெட் இல்லை, ஆனால் நல்ல இனிஷியேட்டிவ்" என்று பதில் வந்தது.

மாநாடு 12, 13 தேதிகளில், சனி ஞாயிறு. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தது 11, 12. சீன அதிபர் தங்கியது கிண்டியில், போய் வந்தது எங்கள் ஓ.எம்.ஆர். வழியாக. அந்த வெள்ளிக்கிழமை பல கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. இதெல்லாம் கொரோனாவுக்கு முன்னால், ஞாபகம் இருக்கட்டும். மனைவிக்குப் பிரசவம் என்றால்கூட "வீட்டிலிருந்து வேலை என்பது நம்ம பாலிசியில் இல்லை" என்று சொன்னவர்கள், பெய்ஜிங்கிலிருந்து ஒருவர் வந்ததும் ஒரே மெயிலில் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நாவலூரிலிருந்து காலை ஐந்தரைக்கு பைக்கை எடுத்தேன். ஓ.எம்.ஆர். பக்கம் தலையே காட்டக் கூடாது என்று சோழிங்கநல்லூர் வரைக்கும் சந்து சந்தாகப் போய், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, பரங்கிமலை என்று சுற்றி நந்தம்பாக்கம் சேர்ந்தபோது கதவே திறக்கவில்லை. வெளியே டீக்கடையில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். ராத்திரி பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்த ஒரு பையன் கோயம்பேட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே குளித்துவிட்டு நேராக வந்திருந்தான்.

அவனிடம்தான் பேச்சுவாக்கில் எங்கள் கதையைச் சொன்னேன். தினமும் ராத்திரி எங்கள் சிஸ்டத்தில் ஒரு வேலை ஓடும், அன்றைய கணக்கையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றும் வேலை, நாலு மணி நேரம் பிடிக்கும். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் விடிகாலை மூன்று மணிக்கு என் போன்தான் அடிக்கும். அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒவ்வொரு வரியாவா இன்சர்ட் பண்றீங்கண்ணே? ஒவ்வொண்ணுக்கும் கமிட் வேற போகுதா? ஆயிரம் ஆயிரமா கட்டி அனுப்புங்க" என்றான். (இன்சர்ட் என்றால் டேட்டாபேஸில் ஒரு வரியைச் சேர்ப்பது, கமிட் என்றால் சேர்த்ததை உறுதியாகப் பதிவு செய்வது.) இது புத்தகத்தில் இல்லாத விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் டீமில் பத்துப் பேர் அந்த புரோகிராமை வருடக்கணக்காகத் தினமும் பார்க்கிறோம், தினமும் பார்ப்பதாலேயே யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த வாரம் மாற்றினேன். நாலு மணி நேரம் இருபது நிமிடமாக இறங்கியது. இதற்கு நான் கம்பெனிக்குச் செய்த செலவு பைசா கிடையாது, டீக்காசுகூட அந்தப் பையன்தான் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை டேவிட் பீஸ்லியின் பேச்சு. பைத்தான் உலகத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஸ்லைடு ஒன்றும் பெரிதாக இல்லை, மனிதர் மேடையிலேயே வெற்று ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வெப்அசெம்ப்ளிக்கு (பிரவுசருக்குள் புரோகிராம்களை ஓட்டுவதற்கான கட்டளை வடிவம் அது) ஓர் இன்டர்ப்ரெட்டரை, அதாவது அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் புரோகிராமை, வரி வரியாக எழுத ஆரம்பித்தார். முதலில் ஒரு ஸ்டாக்: கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிற எவர்சில்வர் தட்டு மாதிரி, கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அப்புறம் கூட்டல், பெருக்கல், நினைவகம், அப்புறம் ஃபங்ஷன் என்கிற குட்டி புரோகிராம்கள். கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்து, பரீட்சை எழுதி, மறந்தே போன சமாச்சாரம் கண் முன்னால் எழுந்து நடக்கிறது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அப்போதுதான் என் போன் அதிர்ந்தது. ரோஸ்டரில், அதாவது முறைப் பட்டியலில், அந்த வாரம் ஆன்-கால் நான்: எது நின்றாலும் போன் எனக்குத்தான் வரும். மாற்றிக்கொள்ள இரண்டு பேரிடம் கேட்டிருந்தேன், ஒருவருக்கு வீட்டில் விசேஷம், இன்னொருவர் ஏற்கெனவே போன வாரம் முழுக்கத் தூங்காதவர், அவரை மேலும் கேட்க மனசு வரவில்லை. பி1 டிக்கெட், அதாவது உடனே பார்க்க வேண்டிய கோளாறு. குனிந்துகொண்டே வெளியே வந்து, சுவர் ஓரமாக ஒரு பிளக் பாயின்ட் தேடிப் பிடித்து, தரையில் சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்து பிரிட்ஜ் காலில், அதாவது டீம் எல்லாம் ஒன்றாகப் பேசும் போன் காலில், சேர்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் ஒருவர், எல்லோரும் என்னைப் போலவே காதில் ஹெட்செட்டோடு தரையில். உள்ளே திடீரென்று கைதட்டல் கூரையைப் பிளந்தது. கடைசியில் அந்த இன்டர்ப்ரெட்டருக்குள் ராக்கெட் விளையாட்டு ஒன்றை ஏற்றி ஓடவிட்டாராம். நான் பல நாள் கழித்து யூடியூபில் பார்த்துக்கொண்டேன்.

"அதான் யூடியூபில் வருதே, அப்புறம் எதுக்கு நேரில் போகணும்?" என்று என் மேலாளர் கேட்டார், கேலிக்காக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். யூடியூபில் பேச்சு வரும். மதுரைப் பையன் வருவானா? 2020-லும் அதற்கு அடுத்த வருடமும் கொரோனாவால் மாநாடு ஆன்லைனிலேயே நடந்தபோது இதைத்தான் பார்த்தேனே: ஒரு காதில் பேச்சு, இன்னொரு காதில் ஸ்டேட்டஸ் கால், நடுவில் வாசலில் கூரியர்காரர். வீட்டிலேயேதானே இருக்கிறாய் என்று லீவும் கிடையாது. இரண்டு நாள் முடிந்தபோது ஒரு பேச்சுகூட முழுசாகக் கேட்டிருக்கவில்லை.

2019 கதைக்குத் திரும்புகிறேன். மாநாட்டை ஒட்டி வந்த பயிற்சிப் பட்டறைக்காகத் திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட வேண்டியிருந்தது. எங்கள் லீவு போர்ட்டலில் காரணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு: உடல்நலக் குறைவு, திருமணம், பிரசவம், மரணம், சொந்த வேலை. கம்பெனி வேலையை ஒழுங்காகச் செய்வதற்காக ஒன்றைக் கற்றுக்கொள்ளப் போகிறவன் எதை அழுத்துவது? "சொந்த வேலை" என்று அழுத்தினேன். ஆண்டு லீவில் ஒன்று கழிந்தது. (பலனாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது மாநாட்டில் கொடுத்த ஸ்டிக்கர்கள். பைத்தான் சின்னத்தில் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டிருக்கும், மகள் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். அரசமரத்தடிக் கல்லில் இருக்கிற நாகரை எதுக்குடா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கீங்க என்று அம்மா ஒரு வாரம் திட்டினார்.)

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று என் தலையில் உறைத்தது 2024 பிப்ரவரியில். அதே நந்தம்பாக்கத்தில் தமிழக அரசின் கணித்தமிழ் 24 மாநாடு, 8 முதல் 10 வரை, வியாழன், வெள்ளி, சனி. கணினியில் தமிழ் என்றால் எனக்கு ஆசை அதிகம், 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில்தான் இந்தக் கடிதத்தையும் அடித்துக்கொண்டிருக்கிறேன். வியாழன், வெள்ளி கிடைக்கவில்லை, சனிக்கிழமை மட்டும் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரி ஆசிரியை, மூன்று நாளும் வந்திருக்கிறார். லீவு எப்படி மேடம் கிடைத்தது என்று கேட்டேன். "லீவா? எனக்கு ஓ.டி. சார்" என்றார். ஆன் டியூட்டி: பங்கேற்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பணி நாளாகவே கணக்கு வைத்துக்கொள்வார்களாம்.

என் மச்சினன் டாக்டர். அவனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்தில் 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி முடித்திருக்க வேண்டும், மாநாட்டுக்குப் போகவில்லை என்றால்தான் அங்கே கேள்வி. எங்கள் தொழிலில் மூன்று வருடம் முன்னால் படித்தது இன்றைக்குப் பாதி செல்லாது என்று எங்களுக்கே மேடை போட்டுச் சொல்கிறார்கள், "அப்ஸ்கில் பண்ணாதவர்கள் (புதிதாகக் கற்றுக்கொள்ளாதவர்கள்) பின்தங்குவார்கள்" என்று அப்ரைசலில், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டில், எழுதுகிறார்கள், ஆனால் அதற்கான நேரம் மட்டும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வர வேண்டும்.

தமிழில் எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓவர்டைமும் ஓ.டி.தான், ஆன் டியூட்டியும் ஓ.டி.தான். எங்களுக்கு இரண்டும் கிடையாது.

கம்பெனிகள் யாரையும் மாநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று சொல்ல மாட்டேன். அனுப்புகிறார்கள், ஸ்டாலில் நிற்கிறவர்களையும், மேடையில் பேசுகிற தலைவர்களையும். அவர்களுக்கு அது வேலை நாள், டாக்ஸி பில்லும் உண்டு. புரோகிராம் எழுதுகிறவனும் டெஸ்டிங் செய்கிறவளும் போனால் சொந்த வேலை. நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை: வருடத்துக்கு இரண்டே நாள், டிக்கெட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், சான்றிதழைக் கொண்டுவந்து கொடுக்கிறோம், பணி நாளாகக் கணக்கு வையுங்கள், அந்த இரண்டு நாள் ஆன்-கால் ரோஸ்டரில் எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். வேலை நாளில் மாநாடு நடத்தும் அரசாங்கமும் கம்பெனிகளுக்கு அனுப்புகிற அழைப்பில் இதை ஒரு வரி சேர்த்தால் நல்லது, தலைவர்களைக் கூப்பிடுகிற கடிதத்திலேயே இன்னொரு வரிதானே. உங்கள் நிருபரும் அடுத்த முறை மாநாட்டுக்குப் போனால் மேடையைப் படம் எடுத்துவிட்டு, அப்படியே கூடத்துக்கு வெளியே பிளக் பாயின்ட் ஓரமாகத் தரையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும்.

வெட்டிச் சுருக்குவதாக இருந்தால் சீன அதிபர் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், டீக்கடையை விட்டுவிடுங்கள். பெயர் போட வேண்டாம், இங்கே அப்ரைசல் நேரம். இந்த வருடம் ஒரு மாநாட்டுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமைக்கு லீவும் கேட்டிருக்கிறேன், காரணம் "சொந்த வேலை". இன்னும் அப்ரூவ் ஆகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாவலூர், சென்னை.